தாடி ஓணானுக்கு ஒரு முற்றம்: செட்டிநாட்டு வீட்டில் பியர்டட் டிராகன் கூண்டுக்கு வெப்பமும் ஒளியும்

வளவு வீட்டு முற்றத்தில் உச்சி வேளையில் நின்று பாருங்கள். தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். நாலு எட்டு வைத்துத் தூண் ஓரத்துக்கு வந்தால் வெளிச்சம் இருக்கும், சூடு தணிந்துவிடும். இன்னும் உள்ளே போய் அறை நிலைப்படியைத் தாண்டினால் இருட்டும் குளிர்ச்சியும். ஒரே வீட்டுக்குள் மூன்று விதமான வெப்பம். அவரவருக்கு எது வேண்டுமோ அங்கே போய் உட்காரலாம். பியர்டட் டிராகன் என்ற தாடி ஓணானுக்குக் கூண்டு அமைப்பது என்பது இந்த ஏற்பாட்டை நான்கு அடி நீளப் பெட்டிக்குள் சுருக்கி வைப்பதுதான். மற்றதெல்லாம் அதற்கான கருவிகள்.

இந்தப் பிராணி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்தைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியா தன் காட்டு ஊர்வனவற்றை உயிரோடு வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஆகவே உலகெங்கும் வீடுகளில் இருப்பவை கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகியவை. நம் வேலி ஓணானும் இதுவும் ஒரே குடும்பம். அதனால் கற்றுக்கொள்ள நல்ல வாத்தியார் உங்கள் கொல்லைச் சுவரிலேயே இருக்கிறது. காலையில் கிழக்குப் பார்த்த சுவரில் உடம்பைத் தட்டையாக்கி ஒட்டிக்கொண்டிருக்கும் ஓணான், பத்து மணிக்கு மேல் இரை தேடி ஓடும், உச்சி வெயிலில் இலை மறைவுக்குள் போய்விடும், சாயங்காலம் மறுபடி வெளியே வரும். சூடு ஏற்றிக்கொள்வதும் இறக்கிக்கொள்வதும்தான் அதன் நாள் முழுக்க வேலை. (பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், பிடித்து அடைக்க வேண்டாம். உடும்பைத் தொடவே கூடாது; அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பியர்டட் டிராகன் வாங்கும்போதும் ரசீதையும் ஆவணங்களையும் கேட்டு வாங்கி, அயல்நாட்டுப் பிராணிகளுக்கான பதிவு விதிகளை வனத்துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.)

நாம் சாப்பிட்ட சோற்றில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. ஓணான் வகைக்கு அந்தச் செலவு இல்லை. சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. பியர்டட் டிராகனின் உடம்பு விரும்பும் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். அந்த அளவுக்கு ஏறினால்தான் இரை செரிக்கும், நோயை எதிர்க்கும் சக்தி வேலை செய்யும். ஏறியபின் அங்கேயே கிடந்தால் வெந்துவிடும், உடனே குளிர்ந்த இடத்துக்கு நகர வேண்டும். அதனால்தான் "கூண்டு எத்தனை டிகிரி இருக்கணும்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது.

எங்கே எவ்வளவு சூடு

வளர்ந்த பிராணி மூக்கிலிருந்து வால் நுனி வரை 45 முதல் 60 செ.மீ. வரை இருக்கும். அதற்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள கூண்டு வேண்டும். இதைவிடச் சிறிய கூண்டில் சூட்டு முனைக்கும் குளிர் முனைக்கும் நடுவே இடைவெளியே இருக்காது; ஒரு விளக்கைப் போட்டால் பெட்டி முழுக்கக் கொதிக்கும். இரண்டடி மீன் தொட்டியில் வைத்து விற்கிறார்கள் என்பதற்காக அதிலேயே வளர்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

நம் ஊருக்கு மரக் கூண்டு நல்லது. ஆசாரியிடம் ஒட்டுப்பலகையில் செய்யச் சொல்லி, முன்பக்கம் மட்டும் நகர்த்தும் கண்ணாடி வைக்கலாம். சூட்டு முனைப் பக்கச் சுவரின் மேற்புறமும் குளிர் முனைப் பக்கச் சுவரின் கீழ்ப்புறமும் உள்ளங்கை அகலத்துக்குக் காற்றுத் துவாரம் வெட்டிக் கம்பிவலை அடிக்கச் சொல்லுங்கள். சூடான காற்று மேலே வெளியேறும், குளிர்ந்த காற்று கீழே நுழையும். வார்னிஷ் வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது இரண்டு வாரம், காற்றாட வைத்துவிட்டுப் பிறகு பிராணியை விடுங்கள். விளக்குச் சூட்டில் காயாத வார்னிஷ் புகையும்.

ஒரு முனையில் விளக்கு. அதன் கீழே 12 முதல் 15 செ.மீ. உயரத்தில் ஒரு மேடை. அந்த மேடையின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி இருக்க வேண்டும். குட்டிகளுக்கு இந்த வரம்பின் மேல் பக்கம், வளர்ந்தவற்றுக்கு நடுவில். அந்த முனையின் காற்று 30 முதல் 32. எதிர்முனையில் காற்று 24 முதல் 27. இரவில் எல்லாம் அணைந்தபின் 18 முதல் 25 வரை எதுவாக இருந்தாலும் சரி.

கடைசி வரியைக் கவனியுங்கள். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மார்கழிப் பனியில்கூட வீட்டுக்குள் 18க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்ட பட்டியல்களில் வரும் இரவுச் சூடாக்கி, சிவப்பு விளக்கு, பீங்கான் ஹீட்டர் எதையும் இங்கே வாங்க வேண்டியதில்லை. சிவப்பு விளக்கு பிராணிக்குத் தெரியாது என்று சொல்லி விற்பது தவறு. அதற்கு நன்றாகத் தெரியும், தூக்கம் கெடும். உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாவது கண்போன்ற உறுப்பும் அதற்கு உண்டு. இரவு என்றால் இருட்டு.

சூடாகும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், மின்கம்பி வைத்த செயற்கைக் கல். அது வேண்டவே வேண்டாம். இந்தப் பிராணி மேலிருந்து வரும் சூட்டை முதுகில் வாங்கப் பழகியது. வயிற்றுப் பக்கம் சுட்டால் நகர வேண்டும் என்ற உணர்வு அதற்குச் சரியாக வருவதில்லை. கல் ஒரு இடத்தில் அளவுக்கு மேல் சூடேறினால் அப்படியே கிடந்து வயிற்றுத் தோல் வெந்துபோகும்.

மேடைக்கு நம்மூர் நாட்டுச் செங்கல்லோ பழைய ஓடோ போதும். சொரசொரப்பாக இருப்பதால் நகம் பிடிக்கும், சூட்டையும் தாங்கி வைத்திருக்கும். ஆத்தங்குடிக் கல் மேடைக்கு ஒத்து வராது. கண்ணாடித் தட்டின் மேல் வார்ப்பதால் முகம் வழவழவென்றிருக்கும், கால் வழுக்கும். ஆனால் அதே கல்லைக் குளிர் முனையில் தரையாகப் போடுங்கள். பட்டகசாலைக் கூடத்துத் தரையில் மத்தியானம் வெறும் உடம்போடு படுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பிராணியும் வயிற்றைப் பரப்பிக்கொண்டு அதில்தான் படுக்கும்.

விளக்கும் ஹோல்டரும்

சூட்டுக்கு நல்லது ஹாலஜன் விளக்கு, அதிலும் ஒளியை அகலமாகப் பரப்பும் வகை. கிடைக்காவிட்டால் பழைய குண்டு பல்பு. எல்இடியில் இந்தச் சூடு வராது. ஹாலஜனும் குண்டு பல்பும் வெயிலைப் போலவே ஒளியையும் சூட்டையும் சேர்த்துத் தருகின்றன. அந்தக் கதிர்கள் தோலைத் தாண்டித் தசை வரை இறங்கும். பீங்கான் ஹீட்டரின் சூடு தோலின் மேலேயே நின்றுவிடும். முதுகு சுடும், உள்ளே குளிர்ந்திருக்கும்.

எத்தனை வாட் என்பதை அறை வெப்பம்தான் தீர்மானிக்கும். 28 முதல் 30 டிகிரி அறையில் 50 அல்லது 60 வாட்டில் தொடங்குங்கள். விளக்குக்கும் பிராணியின் முதுகுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும். குறுகலாகக் குவியும் விளக்கைப் போட்டால் முதுகில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுடும், மற்ற உடம்பு சூடேறாது; பிராணி சூடு போதவில்லை என்று அங்கேயே கிடந்து புண்ணாக்கிக்கொள்ளும். தலையிலிருந்து வால் தொடக்கம் வரை ஒரே சீராகச் சூடு விழ வேண்டும். பெரிய பிராணிக்கு 60 வாட் ஒன்றுக்குப் பதில் 35 வாட் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போடுவது இதற்காகத்தான்.

இனி இங்கே பலர் தடுக்கி விழும் இடம். நம் வீட்டு ஹோல்டர்கள் பின் வகை. பிராணிகளுக்கென்று வரும் விளக்குகள் பெரும்பாலும் மரை வகை. ஆகவே மரை வகைப் பீங்கான் ஹோல்டரைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் மேல்நோக்கி ஏறும் சூட்டில் சில மாதத்தில் பொடிந்து, கம்பி வெளியே தெரியும். அடுத்தது வோல்டேஜ். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் விளக்கில் 120 என்று போட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் அது அந்த நொடியே வெடித்துப்போகும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கிராமங்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தொல்லை தெரிந்ததே. 230க்குப் பதில் 180 வந்தால் 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 40 வாட் விளக்கைப் போலத்தான் வேலை செய்யும். காலையில் 40 டிகிரி காட்டிய மேடை மாலையில் 34 காட்டினால் பிராணியிலும் கருவியிலும் குற்றம் தேடாதீர்கள், முதலில் வோல்டேஜைப் பாருங்கள்.

சூட்டைக் கட்டுப்படுத்த, விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வேண்டும். கையில் இருக்கிறதே என்று மின்விசிறி ரெகுலேட்டரை மாட்ட வேண்டாம், அது வேறு பாரத்துக்குச் செய்தது. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் டிம்மிங் தெர்மோஸ்டாட் வாங்குங்கள். அறைச் சூடு ஏறினால் விளக்கைத் தானே மங்கலாக்கும். அதிலும் விலை குறைந்த ரகம் ஒன்று உண்டு, முழுக்க எரியும் அல்லது முழுக்க அணையும். ஒளி விளக்குக்கு அதைப் போட்டால் நாள் முழுக்க மின்னி மின்னி எரிந்து பிராணியை மிரட்டும், இழையும் சீக்கிரம் அறுந்துபோகும். எந்த ரகமானாலும் உணர்கம்பியின் முனையை மேடையோடு இறுக்கிக் கட்டுங்கள். பிராணி அதை இழுத்துக் குளிர் முனையில் போட்டுவிட்டால், "இன்னும் சூடாகவில்லை" என்று எண்ணிக்கொண்டு தெர்மோஸ்டாட் விளக்கை முழு வேகத்தில் எரித்துக்கொண்டே இருக்கும். கூண்டுக்குள் பிராணி வெந்து சாகும் வழிகளில் இதுவும் ஒன்று.

விளக்கு கூண்டுக்குள் தொங்கினால் சுற்றிலும் கம்பிவலைக் கூடு அவசியம், இது தாவி ஏறும். மரப் பலகைக்கும் விளக்குக்கும் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். எலி நடமாடும் பழைய வீடானால் கம்பிகளைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

சூடு சரியாக இருந்தும், நன்றாகத் தின்றும், ஆறு மாதத்தில் காலை இழுத்து இழுத்து நடக்கும் பிராணிகளுக்கு இல்லாமல் போனது இதுதான். வெயிலில் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் இருக்கிறது. அது தோலில் பட்டால் அங்குள்ள ஒரு கொழுப்புப் பொருள் வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக மாறும். பிறகு உடம்புச் சூட்டில் அது டி3 ஆகும். கல்லீரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்தும். அதற்குப் பிறகுதான் குடல், இரையில் உள்ள கால்சியத்தை உள்வாங்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிச் செலவழிக்கத் தொடங்கும். தாடை ரப்பர்போல் வளையும், விரல்கள் துடிக்கும், முதுகெலும்பு கோணும். கோணிய எலும்பு திரும்ப நேராவதில்லை. இதைப் படிக்கிற ஒருவர் ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால், நல்ல யுவிபி குழல்விளக்குக்குச் செலவழியுங்கள்.

சன்னல் ஓரம் வெயில் வருகிறதே, போதாதா? போதாது. சன்னல் கண்ணாடி யுவிபியை ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். பாலிகார்பனேட் தகடும் அப்படித்தான். மழைக்கும் குரங்குக்கும் பயந்து பல வீடுகளில் முற்றத்துக்கு மேல் தகடு போட்டுவிட்டார்கள். கீழே வெளிச்சம் பளிச்சென்று விழும், அந்த வெளிச்சத்தில் யுவிபி இருக்காது. நம் கண் இதைக் கண்டுபிடிக்காது.

வாங்க வேண்டியது டி5 வகை நீளக் குழல், ஊர்வனவற்றுக்கென்றே செய்தது. ஆர்கேடியா 12 சதவீதம், ரெப்டிசன் 10.0 என்ற பெயர்களில் வரும் குழல்கள் இந்தப் பிராணிக்குப் பொருந்தும் வலிமை உடையவை. நான்கடிக் கூண்டுக்கு 34 அங்குல நீளமுள்ள 39 வாட் குழல் சரியாக இருக்கும். சுருள் வடிவச் சின்ன விளக்கு விலை குறைவு, ஆனால் ஒரு தட்டு அகலத்துக்கு மேல் பரவாது. பூச்சி விளக்கு, ரூபாய் நோட்டுச் சோதிக்கும் விளக்கு, தண்ணீர் சுத்திகரிக்கும் விளக்கு எதுவும் இதற்கு மாற்றல்ல. கடைசியாகச் சொன்னதில் வரும் யுவிசி என்ற இன்னும் கடுமையான புற ஊதாக் கதிர் பிராணியின் கண்ணையும் உங்கள் கண்ணையும் பொசுக்கும்.

குழலின் பின்னால் பளபளக்கும் அலுமினிய மறைப்பு இருக்க வேண்டும். மேலே வீணாகும் ஒளியை அது கீழே திருப்பும். தூரத்தைக் கவனமாக அளவிடுங்கள். 12 சதவீதக் குழல், நடுவே வலை எதுவும் இல்லாமல் கூண்டுக்குள்ளேயே இருந்தால், குழலுக்கும் பிராணியின் முதுகுக்கும் 38 முதல் 45 செ.மீ. கம்பிவலைக்கு மேல் வைத்தால் வலை 30, 40 சதவீதம்வரை தின்றுவிடும். ஆகவே 25 முதல் 33 செ.மீ. இரண்டடி உயரக் கூண்டின் கூரையில் உள்பக்கம் குழலை மாட்டி, மேலே சொன்ன 12, 13 செ.மீ. மேடையை வைத்தால் முதல் கணக்கு தானாகவே சரியாக வரும். சோலார்மீட்டர் 6.5 என்ற கருவி யாரிடமாவது கிடைத்தால் மேடையில் பிடித்துப் பாருங்கள். யுவி குறியீடு (புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்லும் எண்) 3க்கும் 5க்கும் நடுவே காட்டினால் நிம்மதி.

குழலைச் சூட்டு விளக்கு இருக்கும் முனையிலேயே தொடங்கி, கூண்டின் பாதிக்கும் கொஞ்சம் அதிகமாக நீளும்படி மாட்டுங்கள். சூடு ஒரு பக்கம், யுவிபி எதிர்ப்பக்கம் என்று பிரித்து வைப்பது பரவலாக நடக்கும் தவறு. வெயிலில் ஒளி, சூடு, யுவிபி மூன்றும் ஒரே இடத்தில் விழுகின்றன. பிராணியும் அப்படித்தான் எதிர்பார்க்கிறது: சூடான இடத்தில் யுவிபி வாங்கும், நிழலில் இரண்டிலிருந்தும் தப்பும். பிரித்து வைத்தால் சூட்டுக்காக ஒரு முனையிலேயே கிடக்கும். யுவிபி ஆளில்லா இடத்தில் எரிந்துகொண்டிருக்கும். எப்போதும் தலைக்கு மேலே மாட்டுங்கள், பக்கவாட்டில் வேண்டாம். அதன் புருவ எலும்பு மேலிருந்து வரும் ஒளிக்குத்தான் கண்ணை மறைக்கும்.

வீட்டுக்குள் இருண்ட உள்கட்டில் கூண்டு இருந்தால், 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யுவிபிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பகல் பகலாகத் தெரிந்தால் பிராணி சுறுசுறுப்பாக இரை தேடும், அவ்வளவுதான். மூன்றையும் ஒரே டைமரில் காலை 7 முதல் மாலை 7 வரை ஓடவிடுங்கள். 60 வாட் விளக்கும் 39 வாட் குழலும் 12 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.2 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாத மின் கணக்கில் 71 யூனிட் அளவில் வரும்.

சூடும் யுவிபியும் ஒரே விளக்கில் தரும் பாதரச ஆவி விளக்கு ஒன்றும் கிடைக்கிறது. குளிர்ந்த ஊர்களில் நல்ல பொருள். நமக்கு ஒத்துவராது. அதை மங்கலாக்க முடியாது, ஆகவே கோடையில் சூட்டைக் குறைக்க வழியில்லை. கரண்ட் போய் வந்தால் அது ஆறும்வரை மறுபடி எரியவும் செய்யாது.

நேர் வெயில் எந்த விளக்கையும் விட உயர்ந்தது. காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் 20 அல்லது 30 நிமிடம், கம்பிவலைக் கூட்டில், பாதிக் கூட்டைத் துணியால் மூடி நிழல் செய்து, கூடவே இருந்து காட்டலாம். முற்றத்துச் சுவர்கள் உயரமானவை, அந்த நேரத்தில் அங்கே வெயில் இறங்கியிருக்காது. மொட்டை மாடியே வசதி. காக்கை, பருந்து, பூனை மேல் கண் இருக்கட்டும். உச்சி வெயிலில் வேண்டாம். பங்குனி, சித்திரையில் நம் பக்கம் யுவி குறியீடு 11ஐத் தாண்டும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது கொலைக்குச் சமம். மூடிய கண்ணாடிக்குள் சூடு சில நிமிடத்தில் உயிர் போகும் அளவுக்கு ஏறிவிடும்.

கத்திரி வெயிலில்

உலகெங்கும் எழுதப்பட்ட குறிப்புகள் கூண்டைச் சூடாக்குவது எப்படி என்று சொல்கின்றன. சிவகங்கைச் சீமையில் மார்ச் முதல் ஜூலை வரை நம் கேள்வி வேறு: குளிர் முனையை எப்படிக் காப்பாற்றுவது? வெளியே 38, 39 டிகிரி, மாடி அறையில் 35. அந்த அறையில் கூண்டு இருந்தால், விளக்கே போடாமல் குளிர் முனை 35. பிராணிக்கு ஒதுங்க இடமே இல்லை.

முதல் மருந்து இடமாற்றம். மொட்டை மாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையை விட்டு, தரைத்தளத்து உள்கட்டுக்குக் கொண்டுவாருங்கள். தடித்த சுவரும் உயரமான கூரையும் உள்ள பழைய அறைகள் மத்தியானத்தில் நாலைந்து டிகிரி குறைவாகவே இருக்கும். புது வீடானால் மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

அடுத்து விளக்கைக் குறையுங்கள். 60 வாட்டை எடுத்துவிட்டு 25 அல்லது 40 வாட். அறையே சூடாக இருக்கும்போது மேடையை 40க்குக் கொண்டுபோக அது போதும். சூட்டு விளக்குக்கு மட்டும் தனி டைமர் வைத்து, காலை 7 முதல் 11 வரை, மறுபடி மாலை 4:30 முதல் 6:30 வரை எரியவிடுங்கள். உச்சிவேளை ஓய்வு, வேலி ஓணான் எடுத்துக்கொள்வதைப் போலவே. யுவிபி குழலும் வெள்ளை எல்இடியும் வழக்கம்போல 12 மணி நேரம் எரியலாம், அவற்றின் சூடு சொற்பம்.

அப்படியும் குளிர் முனை 30ஐத் தாண்டினால், மேல் துவாரத்தில் கணினிக்கான 12 வோல்ட் சின்ன விசிறியைச் சூடான காற்றை வெளியே தள்ளும்படி மாட்டுங்கள். பிராணியின் மேல் நேரே காற்று அடிக்க வேண்டாம். தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக் குளிர் முனைச் சுவருக்கு வெளியே சாய்த்து வைக்கலாம். ஆத்தங்குடிக் கல் இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றைக் கொஞ்ச நேரம் குளிர்பெட்டியில் வைத்து மாற்றி மாற்றிப் போடுவது இதைவிட எளிது. எடுத்தவுடன் போடாமல் பத்து நிமிடம் விட்டுப் போடுங்கள். 32ஐத் தாண்டினால் சூட்டு விளக்கை அணைத்துவிடுங்கள், எந்த டைமர் என்ன சொன்னாலும் சரி. ஏசி அறை இருந்தால் 27, 28இல் வைத்து அங்கேயே கோடையைக் கழிக்கலாம். அப்போது பழைய வாட்டுக்குத் திரும்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. வறண்ட நிலப் பிராணிக்குக் காற்றின் ஈரம் 30, 40 சதவீதம் இதம். நம் அடைமழையில் அது 80ஐத் தாண்டும். ஈரமும் குளிர்ந்த காற்றும் சேர்ந்து நாள்கணக்கில் நீடித்தால் நெஞ்சில் சளி கட்டும், மூக்கில் குமிழி வரும். துவாரங்களை அடைக்காதீர்கள், தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர் முனையில் சிறியதாக வையுங்கள், மேடைச் சூடு இரவு 7 மணிவரை குறையாமல் பாருங்கள்.

அளப்பது, பிறகு அதைக் கவனிப்பது

தொட்டியில் ஒட்டும் வட்ட முள் மானி ஐந்தாறு டிகிரி பொய் சொல்லும், வேண்டாம். கம்பி முனை உள்ள டிஜிட்டல் மானி இரண்டு வாங்குங்கள், இரண்டு முனைக்கும் ஒவ்வொன்று, பிராணியின் முதுகு உயரத்தில். மேடைக்கு அகச்சிவப்புத் துப்பாக்கி மானி. அதை ஒரு சாண் தூரத்தில் பிடித்து அழுத்துங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அழுத்தினால் அது காட்டுவது கண்ணாடியின் சூட்டை.

பிராணியை வாங்குவதற்கு முன்பே கூண்டை மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். காலை 9, மத்தியானம் 2, மாலை 6 என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மத்தியான வரியில்தான் தவறு தெரியும்.

பிராணி வந்தபின் அதன் உடம்பே மானி. காலையில் கருத்த தோலோடு மேடையில் தட்டையாகப் படுத்தால் சூடு ஏற்றிக்கொள்கிறது. கருமை சூட்டை அதிகம் வாங்கும். ஏறியபின் தோல் வெளுக்கும், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளும். மேடையில் வாய் திறப்பது இயல்பு. குளிர் முனைக்கு வந்தபிறகும் வாய் திறந்தபடி மூச்சு வாங்கினால் அது ஆபத்து. உடனே விளக்கை அணைத்து, அறை வெப்பத் தண்ணீர் ஆழமில்லாத தட்டில் வைத்து வயிறு நனைய விடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாள் முழுக்க மேடையை விட்டு இறங்காமல், தின்ற இரை செரிக்காமல் கிடந்தால் சூடு போதவில்லை. நாள் முழுக்க மூலையில் ஒளிந்தால் சூடு அதிகம், அல்லது யுவிபி மிக அருகில். கண்ணை அடிக்கடி மூடிக்கொண்டால் குழலின் தூரத்தை மறுபடி அளந்து பாருங்கள். விரல் துடிப்போ தாடை மென்மையோ கண்டால் விளக்கை மாற்றுவதோடு நிறுத்தாமல், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். எந்த ஊரில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

இரையை விளக்கு எரியத் தொடங்கி ஒன்றிரண்டு மணி கழித்துக் கொடுங்கள். மாலை ஐந்துக்கு மேல் வேண்டாம். விளக்கு அணைந்து உடம்பு குளிர்ந்தால் வயிற்றிலுள்ள இரை செரிக்காமல் தங்கிவிடும். பராமரிப்புக்காகக் காலை 9 முதல் 5 வரை மின்தடை என்று முன்கூட்டியே அறிவிக்கும் நாட்களில் பூச்சி இரை கொடுக்காமல் கீரையோடு நிறுத்துங்கள். இன்வெர்ட்டரில் குழலையும் எல்இடியையும் ஓட்டலாம்; சூட்டு விளக்கு அதில் ஓடினால் பாட்டரி சீக்கிரம் தீரும், வெயில் நாட்களில் பிராணி அது இல்லாமலேயே சமாளிக்கும்.

யுவிபி குழல் பல்லாண்டு எரியும், ஆனால் அதன் யுவிபி ஓராண்டில் தேய்ந்துவிடும். வெளிச்சம் அப்படியே இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மாட்டிய அன்றே குழலின் ஓரத்து உலோக மூடியில் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதுங்கள், 12 மாதம் ஆனதும் எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றுங்கள். குழலில் படியும் தூசியும் கதிரை மறைக்கும்; வாரம் ஒருமுறை அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள்.